குகைக்குள் சொட்டும் தண்ணீர்

சித்தூர்,
13-3-1984

கர்த்தருக்குள் பிரியமான மருமகள் ஞானமணிக்கு, மாமா பிரகாசம் எழுதுவது.

சுகமாயிருக்கிறாயா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. போர்ட் பிளேரில் மறுபடி பள்ளிக்கூட வேலைக்குப் போகிறாய் என்று எழுதியிருந்தாய். நல்லது. வேளைக்குச் சாப்பிடு. இங்கே இப்போதே வெயில் கொளுத்துகிறது, கிணறு அடிக்குப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? அது அசரியாவின் பிறந்தநாள் வாரம். உன் அத்தை கிருபாவதி எனக்குத் தெரியாமல் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரில் அவன் பெயரை எழுதிப் போட்டுவிட்டாள். போதகர் புதிதாக மாற்றலாகி வந்தவர், விவரம் அறியாதவர். மகன் அசரியாவுக்கு இன்னொரு வயதைக் கூட்டிக் கொடுத்த தேவனுக்கு நன்றி என்று வாசித்து, குடும்பத்தார் ஜெபத்துக்கு முன்னால் வரலாம் என்றார். அவன் போனது சபைக்கே தெரியும். ஒருவரும் தலை நிமிரவில்லை. கிருபாவதி தனியாக எழுந்துபோய் முழங்கால் போட்டாள். நான் பெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அப்புறம் நானும் போய் அவள் பக்கத்தில் முழங்கால் போட்டேன். வேறென்ன செய்ய, நீயே சொல்.

வீட்டுக்கு வந்து கோபித்துக்கொண்டேன். காட்டிலாகா சிநேகிதர்களோடு குகை பார்த்துத் திரும்பும்போது மழையில் தோணி கவிழ்ந்தது, மற்றவர்கள் கரையேறினார்கள், நம் பிள்ளை ஏறவில்லை, உடலும் கிடைக்கவில்லை, நம் மருமகள் தனியாகி ஐந்து மாதமாகிறது என்று முதலிலிருந்து சொன்னேன். அவள் அழவில்லை. நிதானமாகக் கேட்டாள்: "நீங்கதானே சொன்னீங்க, குகைக்குள்ள தண்ணி சொட்டிக்கினே இருக்குதுன்னு? அப்ப அவனுக்குக் குடிக்கத் தண்ணி இருக்குது இல்ல?"

ஜனவரியில் நான் வந்தபோது நாம் இருவரும் அந்தக் குகைக்குப் போனதை அவளை ஆற்றத்தான் சொன்னேன். ஓடையின் இருபுறமும் தண்ணீரில் வேர்விட்டு நிற்கும் மரங்கள், மேலிருந்து விழுதாக இறங்கும் சுண்ணாம்புக்கல், தரையிலிருந்து அதை நோக்கி வளரும் கல். பிள்ளை கடைசியாகப் பார்த்தது அழகான இடம் என்று தெரிந்தால் மனம் ஆறும் என்று நினைத்தேன். புத்தி கெட்டவன் நான். மழைக்கு ஒதுங்க இடமும் குடிக்கத் தண்ணீரும் நானே காட்டிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த மெட்ராஸ் கப்பலில் வந்தே தீருவேன் என்கிறாள். அவன் சட்டைகளைத் துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள். தடுக்க எனக்குத் தெம்பில்லை. அவள் தம்பி ஜெபமணி கூட வருவான்.

ஞானம், அவளைக் குகைக்குக் கூட்டிக்கொண்டு போ. டார்ச்சுக்குப் புது பேட்டரி போட்டுக் கொடுத்தனுப்புகிறேன். ஒவ்வொரு மூலையாகத் தேடுவாள். படகுக்காரர் சத்தம் போட்டாலும் அவசரப்படுத்தாதே. அன்றைக்கு நான் உள்ளே பின்தங்கியபோது, மாமா கல்லை வேடிக்கை பார்க்கிறார் என்று நீ வெளியே காத்திருந்தாய். நான் கல்லைப் பார்க்கவில்லையம்மா.

கர்த்தர் உன்னைத் தம்முடைய செட்டைகளுக்குள் வைத்துக் காப்பாராக.

உன் மாமா,
பிரகாசம்