யார் முதலில் கையெழுத்திடுவது

அன்பு மகன் ரம்சிக்கு அம்மா எழுதுவது. ஜெனோவாவில் நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருக்க அல்லாஹ் அருள் புரியட்டும். இங்கே உடம்புக்கு யாருக்கும் ஒன்றுமில்லை, மனதைப் பற்றிக் கேட்காதே. ஃபோனில் பேசினால் உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், நான் கத்தினால் துறைமுகம் வரை கேட்கும், அதனால்தான் எழுதுகிறேன். பாதியில் மடித்து வைத்துவிடாமல் கடைசி வரை படி.

ஐஸ் ஆலை கைமாறுகிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆலை வைத்திருக்கிறாரே, அவர் வாங்குகிறார். உன் அப்பாவை மேனேஜராக வைத்துக்கொள்கிறாராம், பெரிய மனதோடு சொல்லியனுப்பினார். தானும் அப்துல் ஆலும் கூட்டாகக் கட்டிய ஆலையில் சம்பளத்துக்கு நிற்க வேண்டும். அப்துல் ஆல் மாமா இறந்தபோது நீ ஃபோனில் குழந்தை மாதிரி அழுதாய், நானும் அழுதேன், அவர் நல்ல மனிதர், மறுக்கவில்லை. நோன்புக்கு முந்திய வாரம், ஐஸ் பாளம் இறக்கும் மேடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அது இறைவன் விதித்தது. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை விதி என்று யாராவது என்னிடம் சொன்னால் அவர் மேல் கரண்டியை வீசுவேன், உன் அப்பா ஏற்கெனவே ஒரு முறை தப்பித்தார்.

உனக்குத் தெரியாத கதை இது. போன வருடம் தமியாத் நகரத்திலிருந்து ஒரு இன்சூரன்ஸ்காரப் பெண் ஆலைக்கு வந்தாள். அன்று நானும் சாப்பாடு கொண்டு போயிருந்தேன். அவள் சொன்னது எனக்கே புரிந்தது. கூட்டாளிகளில் ஒருவர் இறந்தாலோ படுத்த படுக்கையானாலோ இன்சூரன்ஸ் பணம் மற்றவர் கைக்கு வரும், அதைக் கொண்டு அவர் போனவரின் பங்கை வாரிசுகளிடமிருந்து வாங்கிக்கொள்வார், வாரிசுகளுக்கு ரொக்கம், ஆலைக்கு ஆயுள். இதற்காக ஒவ்வொருவரும் மற்றவர் உயிரின் பேரில் பாலிசி எடுக்க வேண்டும். அப்துல் ஆல் விழுந்து விழுந்து சிரித்தார். “அடே ஷவ்கி, இனிமே உனக்கு நெஞ்சு வலின்னா நான் டாக்டரைக் கூப்பிடறதா, இந்தப் பொண்ணைக் கூப்பிடறதா?” என்றார். உன் அப்பா சும்மா இருப்பாரா, “நீ இன்னும் ரெண்டு வாத்து முழுங்கு, நான் பணக்காரனாயிடறேன்” என்றார். அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டு, “சரி ஹஜ்ஜி, கையெழுத்துப் போடுங்க” என்று பேனாவை நீட்டினாள். அதோடு இரண்டு பேர் முகமும் மாறிவிட்டது.

நண்பன் செத்தால் எனக்குப் பணம் வரட்டும் என்று எழுதியிருக்கும் காகிதத்தில் முதலில் பேர் போட யாருக்கும் மனமில்லை. “நீ மூத்தவன், நீ போடு” என்றார் அப்பா. “உனக்கு முன்னாடி நானா, அல்லாஹ் மன்னிக்கட்டும், நீ போடு” என்றார் அவர். பள்ளிவாசல் படியில் இருவரும் நீ போ, நீ போ என்று நின்று பின்னால் வருகிறவர்களை மறிப்பார்களே, அதே கூத்து. அந்தப் பெண் சலிக்காமல் மறுபடி மறுபடி வந்தாள். கடைசியாக வந்தபோது, “ஹஜ்ஜி, உயிரெடுக்கிற மலக்குல் மவ்த் வந்தா உங்ககிட்ட யாரு முதல்லன்னு கேட்டுட்டு நிக்கமாட்டார்” என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் போனதும் உன் அப்பா செய்தது என்ன தெரியுமா? கண்ணேறு கழிய வாசலில் உப்பைத் தூவினார். கைகோத்து ஃபாத்திஹா ஓதி ஆரம்பித்த கூட்டு, எங்களுக்குக் காகிதம் எதற்கு என்று என்னிடம் வீறாப்பு வேறு. கம்ப்ரஸருக்கும் லாரிக்கும் மட்டும் இன்சூரன்ஸ் உண்டு. அந்தக் காகிதங்களில் இருவரும் டீ ஆறுவதற்குள் கையெழுத்துப் போட்டார்கள். இரும்பு சாகும் என்று எழுத யாருக்கும் கை நடுங்கவில்லை.

இப்போது பார். அப்துல் ஆலுக்கு இரண்டும் பெண் பிள்ளைகள், ஆகவே மார்க்கச் சட்டப்படி மனைவி நஜாத்துக்கும் பிள்ளைகளுக்கும் போக மீதிப் பங்கு அவருடைய தம்பி சப்ரிக்கு. போர்ட் சயீதிலிருந்து வந்தார், ஆலைக்குள் இதற்கு முன் கால் வைத்ததில்லை, செருப்பு நனைகிறது என்று வாசலிலேயே நின்றுகொண்டு, “எனக்கு ஐஸும் வேணாம் மீனும் வேணாம், என் பங்கைக் காசாக் குடுத்துடுங்க” என்றார். பிள்ளைகள் சிறியவர்கள் என்பதால் அவர்கள் பங்கு நீதிமன்றத்தின் பாதுகாப்பில் இருக்கிறது, நஜாத் நினைத்தாலும் நீதிபதி அனுமதியில்லாமல் ஒரு ஆணியை விற்க முடியாது. வங்கி கணக்கை முடக்கிவிட்டது, கடனும் தர மறுத்தது. ஐஸ் உறைய வைக்கும் அம்மோனியா வாங்கக் காசில்லை, படகுக்காரர்கள் எத்தனை நாள் பொறுப்பார்கள், அந்தப் பக்கத்து ஆலைக்குப் போய்விட்டார்கள். வாங்குகிறவரும் இது தெரிந்துதான் விலையைக் குறைத்துக் கேட்டார். நீதிமன்றமும் சம்மதித்துவிட்டது.

நஜாத் மேல் எனக்குக் கோபமில்லை. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு அவள் தன் வளையல்களைக் கழற்றியிருக்கிறாள். நேற்று வந்து சமையலறையில் உட்கார்ந்தாள், அழவில்லை, என்னைப் போலவே கொதித்துக்கொண்டிருந்தாள். “ரம்சி அம்மா, ஒருத்தனை ஒருத்தன் காகிதத்துல சாகடிக்க மனசு வராம, நம்ம ரெண்டு பேரையும் உயிரோட புதைச்சுட்டாங்க” என்றாள். உன் அப்பா அடுத்த அறையில்தான் இருந்தார்.

இதையெல்லாம் உன் கண்ணீருக்காக எழுதவில்லை. போன வெள்ளிக்கிழமை நீ என்ன சொன்னாய்? படகுகளுக்கு வண்ணம் பூசும் பட்டறையை வஜ்தியோடு சேர்ந்து எடுத்திருக்கிறோம், “அவன் என் கூடப் பிறந்தவன் மாதிரிம்மா, எங்களுக்குள்ள காகிதம் எதுக்கு” என்று சொன்னாய். குரல்கூட அப்பாவின் குரல். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஃபோனை வைத்துவிட்டேன், நீ சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பாய். சிக்னலுக்கு ஒன்றும் இல்லை. வஜ்திக்கும் இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள், இல்லையா? நீங்கள் சாரத்தில் தொங்கி வேலை செய்கிறவர்கள். கயிறு அறுந்தால் அவன் மனைவி உன் வாசலில் நிற்பாள், இல்லை உன் மனைவி அவன் வாசலில் நிற்பாள். அதுவரைக்கும் இருக்கிற அண்ணன் தம்பிப் பாசம் அன்றைக்கு எப்படி மாறும் என்று சப்ரியின் செருப்பிடம் கேள். அங்கே இன்சூரன்ஸ்காரர்கள் இல்லாமலா போவார்கள்? போய் உட்காருங்கள், இரண்டு மனைவிமாரையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர்கள் பேனாவைத் திணிப்பார்கள். ஆளுக்கு ஆள் மரியாதை காட்டிக்கொண்டு மட்டும் நிற்காதே. இந்த வீட்டில் மரியாதை காட்டியது போதும்.

அப்பாவுக்கு ஃபோன் செய், ஆலையைப் பற்றிப் பேசாதே. வாங்குகிறவர் ஓட்டிப் பார்க்கிற கம்ப்ரஸர் சத்தம் கேட்கக்கூடாதென்று வெக்கையிலும் சன்னல்களைச் சாத்தி வைத்திருக்கிறார். குழந்தைக்குக் குளிர்காலத் தொப்பி பின்னிவிட்டேன், ஊரிலிருந்து வருகிறவர் யாராவது கிடைத்தால் அனுப்புகிறேன். இறைவன் உன் கையையும் காலையும் காக்கட்டும், உன் கூட்டாளியின் கையையும் காலையும் காக்கட்டும். காகிதம் முடிந்ததும் இரண்டு கையெழுத்தும் தெரிகிற மாதிரி படம் எடுத்து எனக்கு அனுப்பு, அதற்கு முன் என்னோடு பேச வேண்டாம்.

யாராவது ஒருவர் முதலில் போட்டாக வேண்டும். இதோ, நான் போட்டுவிட்டேன்.

உன் அம்மா,
இஹ்சான்