கதவுக்குள் போன போர்வை

அன்புள்ள நாச்சியாருக்கு,

ஒரகடத்தில் நான் நலம். உன் முட்டுவலி குறைந்ததா?

நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் தசரதனின் பழைய பிக்கப் வண்டியில் கதவுப் பேனல் ஓயாமல் கடகடத்தது. "கம்பெனில புதுக் கதவு மாட்றவன், இத்த நிறுத்துவியா?" என்றார். நிற்காவிட்டால் மீசையை எடுக்கிறேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். கழற்றினால் பாதிக் கிளிப்பைக் காணோம். புதிது போட்டு, நீ தந்த போர்வையைக் கிழித்து இடுக்கில் ஒட்டினேன்.

மேடுபள்ளத்தில் ஓட்டியும் கதவு மூச்சு விடவில்லை. எனக்கு வாயெல்லாம் பல். இத்தனை நாள் கடகடப்பில் அமுங்கியிருந்த, பக்கத்தில் அவர் மனைவி மரகதம் அக்கா அவரைத் திட்டியது மட்டும் தெளிவாகக் கேட்டது. "மாசானம், பழையபடி ஆட வுட்டுருபா," என்றார் தசரதன்.

மீசை பத்திரம். இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் இசக்கிபாண்டியிடம் வேறு போர்வை கொடுத்தனுப்பு. போனில் நலம் மட்டும் விசாரிக்காதே, கொஞ்சம் திட்டு. ஷிப்டு பஸ் வந்துவிட்டது.

உன் மாசானம்