பதினான்காம் மாடி மாதாவின் பின்பக்கம்

அனுப்புநர்:
திருமதி கிளோறியா நீக்கிலாஸ்,
ஓய்வுபெற்ற துப்புரவுப் பணியாளர், ஒடென்சே.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
பழங்கட்டடப் பாதுகாப்புப் பிரிவு, நகரசபை.

பொருள்: நோர்லிஸ் கட்டட வரலாற்று நூலின் 41ஆம் பக்கத்துப் பொய்யும் அதை எழுதியவரும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நகரின் முதல் உயர்மாடியான நோர்லிஸ் கட்டடம் 1938இல் பதினான்கு மாடிகளுடன் எழுந்ததையும், அதன் லிப்ற்றில் ஏறிப் பார்க்கச் சனம் வரிசையில் நின்றதையும் அந்நூல் சரியாகவே சொல்கிறது. அதில் எனக்கு வழக்கில்லை.

2. ஆனால் உச்சியிலுள்ள லிப்ற் மோட்டர் அறையின் மாதா படத்தை, கட்டிய காலத்துப் போலந்துத் தொழிலாளி ஒருவர் வைத்தார் என்பது முழுப் புளுகு. 1994 கார்த்திகையில், அங்கே துப்புரவு வேலை செய்தபோது, வைத்தவள் நான். அந்த லிப்ற் என்னை இரண்டு தடவை நடுவழியில் அடைத்து வைத்தது. என் ஊரான மன்னாரில் வள்ளத்துக்கும் பஸ்ஸுக்கும் மடு மாதா படம் வைப்போம். லிப்ற்றும் ஓடுகிற சாமான்தானே என்று, சுவரில் உயரத்தில் கிடந்த பழைய வெற்றுச் சட்டத்துக்குள் வைத்தேன். படம் அடங்கவில்லையென்று, மாதாவின் பெயர் அச்சிட்டிருந்த தமிழ் வரியைக் கத்தரித்தது என் பிழைதான்; அதனால்தான் போலந்துக் கதை எடுபட்டது.

3. அப்போது எங்கள் மேற்பார்வையாளர் திரு. பிறெபன் ஸ்கோவ். முழங்கால் வருத்தத்தால் ஊன்றுகோலோடு திரிந்தவர். படத்தைக் கழற்றச் சொன்னார். எனக்கு அப்போது இந்நாட்டு டேனிஷ் மொழி போதாது. தமிழிலேயே, "வைச்ச மாதாவை நான் கழற்றமாட்டன்" என்றேன். மறுவாரம் வேலையால் நிறுத்தினார். 'கட்டடத்தின் தோற்றத்தைக் கெடுத்தவர்' என்று அவர் எழுதிய கடிதத்தால் இரண்டு வருடம் எவரும் எனக்கு வேலை தரவில்லை. அவரால் ஏணியில் ஏற முடியாதபடியால் படம் தப்பியது.

4. அதே மனிதர்தான் இன்று கட்டட வரலாற்றுக் குழுவின் தலைவர். நூலை எழுதியவரும் அவரே. ஊன்றுகோல் இல்லாமல் பதினான்கு மாடியும் படியால் ஏறி, படத்தைச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டி, இதுதான் கட்டடத்தின் உயிர் என்கிறாராம். சென்ற மாதம் என் மகள் கிருசாந்தி தன் அலுவலகத்தாருடன் அங்கே போய், விஷயம் தெரியாமல், அவரோடு சிரித்து நின்ற போட்டோவை அனுப்பினாள். மன்னித்துவிடும்படி எங்கள் பங்குச் சுவாமியாரும் சொல்லிப் பார்த்தார். எனக்கு மனமில்லை.

5. ஆகவே, பயணிகள் முன்னிலையில், திரு. ஸ்கோவின் கையாலேயே அந்தச் சட்டத்தைத் திறக்க உத்தரவிடுமாறு கேட்கிறேன். மன்றாட்டைப் படத்தின் பின்னால் எழுதுவது என் வழக்கம். படம் வைத்த அன்றே அங்கே நீலப் பேனையால் நான் எழுதி, என் கையெழுத்தில் இருப்பது: "மடு மாதாவே, பிறெபன் ஐயாவின்ர முழங்காலைச் சுகமாக்கித் தாரும். கிளோறியா, 1994."

6. அதை அவருக்கு விளங்கும்படி டேனிஷில் நானே வாசிப்பேன். வாசித்த கையோடு, அந்த மன்றாட்டை எல்லார் முன்னாலும் மாதாவிடமிருந்து மீளப் பெற்றுக்கொள்வேன். அவர் எப்படிக் கீழே இறங்குகிறார் என்று நான் பார்க்க வேண்டும்.

அன்றைக்கு மட்டும் லிப்ற்றை நிறுத்தி வைக்குமாறு மிகப் பணிவுடன் வேண்டுகிறேன்.

இடம்: ஒடென்சே
திகதி: 14.03.2025

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) கிளோறியா நீக்கிலாஸ்