மூன்று கைச் சட்டை

என் அக்கா பெற்ற ஒரே செல்வமும், தூர தேசத்துக் குளிரில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே உலகத்தைத் தாங்கிப் பிடித்திருப்பவளுமான மருமகளுக்கு, உன் தாய்மாமனும், பக்க அமைப்புப் பேரரசரும், இதுவரை மூன்று விசைப்பலகைகளை எழுத்தே தெரியாத அளவுக்குத் தேய்த்துத் தள்ளிய மாவீரருமாகிய நான் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய், ஏனென்றால் சுகமில்லாவிட்டால் மட்டும் உனக்கு எங்கள் போன் நம்பர் நினைவுக்கு வந்துவிடும். உன் அப்பாவின் முழங்கால் வலி வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்குக் குடிபோயிருக்கிறது, அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, வழக்கம்போல் நாளைக்கு நான்கு சொல்தான், அதில் இரண்டு சரி. சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. உன் அம்மா நலம், என்னோடு மறுபடி பேசுகிறாள். மறுபடி என்றால் நடுவில் பேசவில்லையா என்று உடனே புருவத்தைத் தூக்குவாய். பதினோரு நாள் பேசவில்லை கண்ணு. அந்தப் பதினோரு நாளில் நான் பட்ட பாட்டை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் இந்தப் பார்சலுக்குள் இருக்கும் இன்னொரு உறையை இதைப் படித்து முடித்த பிறகுதான் நீ பிரிக்க வேண்டும்.

நீ விமானம் ஏறுவதற்கு முன் உன் அம்மாவின் தையல் வகுப்புக் குறிப்புகளைப் புத்தகமாக்குவதற்கு லாடெக் என்கிற பக்கம் கட்டும் கணினி நிரலில் ஒரு கோப்பைத் தயார் செய்து, இனிமேல் இது உங்க பொறுப்பு மாமா என்று என் தலையில் கட்டிவிட்டுப் போனாய். நாற்பது பாடம், ஐம்பத்திரண்டு படம், எல்லாம் உன் அம்மா இருபது வருஷமாகக் கோடு போட்ட நோட்டுகளில் எழுதியும் வரைந்தும் வைத்தது. நானோ, பக்கத்தைக் கண்ணால் பார்த்து இங்கே ஒரு தள்ளு, அங்கே ஓர் இழு என்று முடித்துவிடலாம் என்று நினைத்து ஆழம் தெரியாமல் காலை விட்டேன். லாடெக் யாருடைய தள்ளுக்கும் இழுப்புக்கும் மசிகிற பிறவியா? கட்டளைகளை வரிவரியாக எழுதிக் கொடுத்துவிட்டு நாம் கைகட்டி நிற்க வேண்டும், பக்கத்தை அதுவே கட்டும். பொருளடக்கத்தில் பக்க எண் சரியாக வர வேண்டுமென்றால் இரண்டு தடவை ஓட்ட வேண்டும், ஒரு தடவை சொன்னால் காதில் விழாது, உன் அப்பாவின் இனம். பொத்தான்துளைகளுக்கிடையிலான என்று உன் அம்மா ஒரு சொல் எழுதுகிறாள், அது வரிக்குள் அடங்காமல் ஓரத்தைத் தாண்டி வாலை நீட்டிக்கொண்டு நிற்கும், அந்த வாலை மட்டும் நான் எழுநூறு இடத்தில் மடக்கினேன். எழுபது என்றும் சொல்லலாம். நூற்றுப் பதினெட்டுப் பக்கம் வந்த புத்தகத்தை ஒரே மதியத்தில் நூற்று நான்காகச் சுருக்கிவிட்டேன், காட்டு மரங்களெல்லாம் ஊர்வலமாக வந்து வாசலில் நின்று எனக்கு நன்றி சொல்லின என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேனே, நினைவிருக்கிறதா? எப்படிச் சுருக்கினீர்கள் என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அது அப்படியே இருக்கட்டும், பிறகு வருகிறேன்.

அந்த நூற்று நான்கு பக்கத்தைப் பதினைந்து பிரதி எடுத்து வகுப்பில் கொடுத்தோம். இந்தத் தடவை வகுப்பில் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் சேர்ந்திருக்கிறார், ஊசியில் நூல் கோப்பதற்கே மூச்சைப் பிடித்துக்கொள்கிற மனிதர், ஆனால் ஒரு சொல் சொன்னால் ஒரு சொல்தான், அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. சட்டைக்குக் கை வைப்பதை வகுப்பில் உன் அம்மாவின் கண் முன்னால் ஒழுங்காகத் தைத்துவிட்டார். காலர் வைப்பது வீட்டுப் பாடம். மறுநாள் அவர் கொண்டுவந்த சட்டையைப் பார்த்து வகுப்பே எழுந்து நின்றது. தோளுக்கு ஒன்றாக இரண்டு கை, அது போதாதென்று கழுத்திலிருந்து வானத்தைப் பார்த்து மூன்றாவதாக ஒரு கை, அதன் நுனியில் பட்டியும் பொத்தானும் வேறு. உன் அம்மா புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள். கீழே உள்ள படத்தில் காட்டியபடி வெட்டிக் கழுத்தில் வைத்துத் தைக்கவும் என்று காலர் பாடத்தில் எழுதியிருக்கிறது, கீழே இருப்பதோ கையின் படம். இது கழுத்துக்கு ஆகாதே என்று உங்களுக்குத் தோணலையா என்று யாரோ கேட்டதற்குத் தபால்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து, நாப்பது வருஷம் உறையில என்ன எழுதியிருக்கோ அந்த வீட்டுலதான் போட்டேன், இந்த ஆள் இங்க இருப்பாரா மாட்டாரான்னு நான் ரோசனை பண்ணினதே கிடையாது என்றார். தப்பு அவர் மேல் இல்லை என்று பதினான்கு பேரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

உன் அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அந்தச் சட்டையைத் தபால்காரரிடமிருந்து கேட்டு வாங்கிக்கொண்டுவந்து, வகுப்பு நடக்கும் நம் வீட்டுக் கூடத்திலேயே, என் கணினிக்கு நேர் எதிரே சுவரில் ஓர் ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போய்விட்டாள். நான் தலையைத் தூக்கினால் மூன்று கை. அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. உன் அம்மாவின் வகுப்பை நடத்தும் பயிற்சி நிலையத்தின் தலைவியம்மா அடுத்த வெள்ளிக்கிழமைக்கு மறுவெள்ளிக்கிழமை வந்து புத்தகத்தைப் பார்ப்பதாக இருந்தது. பிடித்தால் அவர்களுடைய எட்டுக் கிளைகளிலும் உன் அம்மாவின் புத்தகம்தான் பாடம். பிடிக்காவிட்டால் வழவழக் காகிதத்தில் கலர் படம் போட்ட வேறொரு புத்தகம் தயாராக மேசையில் இருக்கிறது, பிறகு உன் அம்மாவும் தன் வகுப்பிலேயே அதை வைத்துக்கொண்டுதான் சொல்லிக் கொடுக்க வேண்டும். இருபது வருஷ நோட்டைப் பரண் மேல் ஏற்ற வேண்டியதுதான்.

சரி, வியாதி என்ன என்று பார்த்தேன். பக்கத்தில் மிச்சமிருக்கும் இடத்துக்குள் ஒரு படம் அடங்கவில்லை என்றால் லாடெக் அதை ஓரமாக உட்கார வைத்துவிட்டு எழுத்தை மட்டும் தொடர்ந்து ஓட்டிக்கொண்டு போகிறது, இடம் கிடைக்கும் பக்கத்தில் கொண்டுபோய்ப் படத்தை வைக்கிறது. முன்னால் ஒரு படம் காத்திருந்தால் பின்னால் வருகிறதெல்லாம் அதை முந்தாமல் வரிசையில் நிற்க வேண்டும். சட்டை உடம்பின் படம் ஒரு முழுப் பக்கம், கல்யாண வீட்டு வாசலில் நந்தி மாதிரி அது நின்றுவிட்டது, அதன் பின்னால் நின்ற கையின் படம் காலர் பாடத்துக்குள் போய் இறங்கிவிட்டது. உடனே நான் படங்களையெல்லாம் சொன்ன இடத்திலேயே ஆணி அடித்த மாதிரி நிற்கும்படி கட்டளை போட்டேன். நின்றன. ஆனால் அடங்காத படம் அடுத்த பக்கத்துக்குத் தாவும்போது முந்தின பக்கத்தில் பாதி வெறும் வெள்ளையாகிவிட்டது, அந்த வெள்ளையில் நாலு குடும்பம் குடியிருக்கலாம். எங்கள் இருவருக்கும் நடுவில் தூது போனவர் உன் அப்பா. நாளைக்கு நான்கு சொல் பேசுகிறவரைத் தூது அனுப்பினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். உன் அம்மா உள்ளே கால் மணி நேரம் பேசுவது எனக்குக் கேட்கிறது, இவர் வெளியே வந்து, பூச்சி அரிச்ச துணி என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். படங்களைச் சுருக்கினேன், அளவு எண்களைப் படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டியிருந்தது. அதற்கு வந்த தீர்ப்பு, எறும்பு. கடைசியில் எனக்கே உரிய மேதாவித்தனத்தில், கீழே உள்ள படம் என்பதை எடுத்துவிட்டுப் படத்துக்கெல்லாம் எண் கொடுத்துவிடலாம், படம் எங்கே இருந்தால் என்ன, வேண்டியவர்கள் புரட்டிப் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லி அனுப்பினேன். அப்போதுதான் உன் அம்மா தூதரை ஒதுக்கிவிட்டு நேரில் வந்தாள். பதினோராவது நாள், செவ்வாய்க்கிழமை. நின்றுகொண்டே கேட்டாள், "ரெண்டு கையும் துணிமேல இருக்கும்போது எந்தக் கையால புரட்டுவாங்க?"

சுவரில் இருந்த சட்டையிடம்தான் ஒரு கை உபரியாக இருந்தது, ஆனால் அதைச் சொல்லுகிற நேரம் அது இல்லை என்று எனக்கே தெரிந்தது.

பிறகு அவள் எல்லாப் பக்கத்தையும் அச்செடுத்துக் கொடு என்றாள். துணி வெட்டும் பெரிய மேசையைத் துடைத்தாள், காகிதம் வெட்டும் கத்தரிக்கோலை எடுத்தாள், துணிக் கத்தரியைக் காகிதத்தின் பக்கம் கொண்டுபோனால் இந்த வீட்டில் கொலை விழும் என்பது உனக்குத் தெரியும், படம் வேறு எழுத்து வேறாக நறுக்கிப் போட்டாள். இத்தனை நாள் நான் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்து அழுதுகொண்டிருந்தேன், அவள் இரண்டு பக்கத்தைச் சேர்த்து விரித்து வைத்துப் பார்த்தாள், புத்தகத்தைத் திறந்து மேசையில் வைத்தால் தைக்கிறவர்கள் கண்ணில் படுவது அதுதானே. பெரிய துண்டை முதலில் போடுவாயா, சில்லறைத் துண்டையெல்லாம் போட்டுவிட்டுத் துணி பத்தவில்லை என்று அழுவாயா என்று கேட்டுக்கொண்டே முதலில் படத்தை வலப்பக்கத்தில் வைத்தாள், எழுத்தை இடப்பக்கத்தில் வைத்தாள், பாடம் ஒவ்வொன்றும் இடப்பக்கத்தில்தான் தொடங்க வேண்டும் என்றாள். காலர் பாடத்தில் எழுத்து ஆறு வரி கூடுதலாக இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் இந்தப் பெண்மணி ஒரு காற்புள்ளியை எடுத்ததற்காகப் போன வருஷம் எனக்கு இரண்டு நாள் காபி தராதவள். ஆனால் அவளே பென்சிலை எடுத்து ஆறு வரியை அடித்தாள். துணி பத்தலைன்னா துணியவா திட்ட முடியும் என்றாள். நாற்பதில் முப்பத்து நான்கு பாடம் ஒரே விரிப்பில் அடங்கிவிட்டது, மீதி ஆறுக்கு இரண்டு விரிப்பு, அதையும் புரட்டுகிற இடத்தில் ஊசியை நிறுத்தி வைக்கிற மாதிரி பிரித்துவிட்டாள். முன்பக்கங்களோடு சேர்த்துத் தொண்ணூற்றாறு. நான் மூன்று மாதம் லாடெக்கோடு மல்யுத்தம் செய்து காப்பாற்றியதைவிட எட்டுப் பக்கம் கூடுதலாக, ஒரு பகலில், கத்தரிக்கோலால். அதைக் கட்டளைகளாக மாற்றும் அற்ப வேலை மட்டும் பேரரசருக்கு விடப்பட்டது.

வெள்ளிக்கிழமை தலைவியம்மா வந்தார். படிக்கவில்லை, புரட்டவில்லை, மூக்குக் கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை. வகுப்பில் யாராவது ஒருவர் இந்தப் புத்தகத்தை மட்டும் பார்த்து ஒரு காலர் தைத்துக் காட்டட்டும், டீச்சர் வாயைத் திறக்கக் கூடாது என்றார். தபால்காரர் எழுந்தார். உன் அம்மா சேலைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். அவர் புத்தகத்தை விரித்துத் தையல் இயந்திரத்தின் பக்கத்தில் வைத்தார், நகல் கடைக்காரர் சுருள் கம்பி போட்டுக் கொடுத்திருந்ததால் அது சமர்த்தாகப் படுத்துக்கொண்டது. இடப்பக்கம் ஒரு வரி, வலப்பக்கம் ஒரு பார்வை, துணியில் ஒரு வெட்டு. முக்கால் மணி நேரம். ஒரு தடவை மூக்கைச் சொறிந்தார், அதற்குக்கூடத் துணியிலிருந்து கையை எடுக்காமல் தோளால் சொறிந்தார், பக்கம் புரளவே இல்லை. காலரைத் திருப்பி முனையை ஊசியால் எடுத்துவிட்டு நீட்டினார். தலைவியம்மா அதை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு அவர் கண் சுவருக்குப் போனது. அது என்ன சட்டை என்று கேட்டார். நான் மேசைக்கு அடியில் போவதற்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தேன், உன் அம்மா கொஞ்சம்கூட அசையாமல், அது முதல் பதிப்பு என்றாள். அந்த அம்மா அந்தச் சட்டையைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, எட்டுக் கிளைக்கும் இரண்டாம் பதிப்பையே அனுப்பிடுங்க என்றார். அன்று உன் அப்பா ஒன்பது சொல் பேசினார். நான் எண்ணினேன்.

இப்போது பிறகு வருகிறேன் என்று சொன்னதற்கு வருகிறேன். இது உனக்கும் எனக்கும் மட்டும். செவ்வாய்க்கிழமை, பாடமெல்லாம் இடப்பக்கத்தில் தொடங்குவதற்கான கட்டளையை எழுதக் கோப்பின் தலைமாட்டுக்குப் போனேன். அங்கே, அச்சில் வராமல் நமக்கு மட்டும் தெரிகிற குறிப்பாக நீ எழுதி வைத்த ஒரு வரி நின்றுகொண்டிருந்தது, மாமா, கீழே உள்ள வரியை அழிக்காதீங்க என்று. கீழே ஒன்றும் இல்லை. ஒரு பாடத்தின் படம் அடுத்த பாடத்துக்குள் போகாதபடி நீ போட்டிருந்த வேலி அது. எனக்கா கட்டளை என்று ரோஷம் வந்து முன்பு ஒரு மதியம் நான்தான் அதை அழித்துப் பார்த்தேன், பதினான்கு பக்கம் குறைந்தது, மரங்கள் ஊர்வலமாக வந்தன. உன் பழைய கோப்பிலிருந்து அந்த வரியை எடுத்துப் பழைய புத்தகத்தில் ஒட்டி ஓட்டிப் பார்த்தேன், கை பேசாமல் எழுந்து தன் பாடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. உன் அம்மாவின் புது ஏற்பாட்டுக்கு அந்த வரி தேவையே இல்லை, ஆனாலும் அதை அதன் இடத்திலேயே வைத்துவிட்டேன். உன் குறிப்புக்குப் பக்கத்தில் நானும் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறேன், அழித்தேன், திரும்ப வைத்தேன், இப்படிக்கு மாமா என்று. உன் அம்மாவிடம் மட்டும் மூச்சு விடாதே, அவளைப் பொறுத்தவரை குற்றவாளி லாடெக்தான், அது மறுத்துப் பேசாது.

இனி உறையைப் பிரி. சுருள் கம்பி போட்ட முதல் பிரதி உனக்குத்தான். வேலை வேலை என்று வயிற்றைக் காயப் போடாதே, காதை மூடிக்கொண்டு வெளியே போ, ஞாயிற்றுக்கிழமை போன் செய். உன் உடல் அளவை அனுப்பு, போன தடவை அனுப்பிய இடுப்பு அளவு பொய் என்று உன் அம்மா புகைப்படத்தைப் பார்த்தே சொல்லிவிட்டாள். நீ தொட்ட வேலையெல்லாம் ஓரம் தாண்டாமல், இடம் மாறாமல், நினைத்த பக்கத்தில் வந்து அமரட்டும். நூறாண்டு வாழ்க, அதில் தொண்ணூறாவது நான் பார்க்கிறேன்.

வரிகளை அழிக்காத,
உன் மாமா

கண்ணு, அம்மா எழுதுகிறேன். நல்லா இரு. இவன் ஒட்டும் உறையையெல்லாம் நான் பிரித்துப் படித்துவிட்டுத்தான் அனுப்புகிறேன் என்பது இருபது வருஷமாக இவனுக்குத் தெரியாது. புத்தகத்தில் காலர் பாடத்தைப் பார், படம் உன் பழைய பள்ளிச் சட்டையைப் பார்த்து வரைந்தது. அளவை உள்ளபடி அனுப்பு. வெள்ளிக்கிழமையே அந்த மூன்று கைச் சட்டையைச் சுவரிலிருந்து எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். இப்போது மறுபடி மாட்டியாயிற்று.