ராமநாதபுரத்தில் ஐந்து மணி நேரம்

மச்சான்,

நம் சந்து முனையில் இஸ்திரி போடுகிறவர் இன்று காலை புதுக் கரிமூட்டையைப் பிரித்துக் கொட்டினார். அந்தத் தூசியின் வாசனை மூக்கில் ஏறியதும் நான் அங்கேயே நின்றுவிட்டேன். எந்த ஊர்க் கரி என்று இந்தியில் கேட்டேன். மதராஸ் பக்கம் என்றார். இல்லை, ராமநாதபுரம் ஜில்லா என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லி என்ன ஆகப்போகிறது? சட்டைகளைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்த ஜில்லாவை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்தேன், அதுவும் உன்னோடு. நான் பம்பாயில் பிறந்தவன். எனக்கு அது அப்பா பெயருக்குக் கீழே எழுதுகிற ஒரு சொல், அவ்வளவுதான். நீ இருபது வயதில் அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு கடற்கரையிலிருந்து ரயிலேறி வந்தவன். பம்பாய் சீத்தா கேம்ப்பில் என் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த அன்றே, "நம்ம ஜில்லாவுல ஒங்க ஆளுகளும் எங்க ஆளுகளும் மாமன் மச்சான்டா" என்று சொல்லி என்னை மாப்பிள்ளையாக்கினாய்.

என் மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைக்கச் சாதிச் சான்றிதழ் கேட்டார்கள். அப்பாவின் சொந்த ஜில்லாவில்தான் வாங்கவேண்டுமாம். எனக்கு அங்கே ஒருவரையும் தெரியாது. நீ தாராவியில் இருந்த உன் பை தைக்கும் பட்டறையை ஒரு வாரம் பூட்டிவிட்டு என்னோடு கிளம்பினாய்.

அந்தப் பஸ் பயணம் நினைவிருக்கிறது. இருபக்கமும் சீமைக் கருவேலம். வறண்ட கண்மாய்கள். களத்தில் சிவப்பாகக் காய்ந்த மிளகாய். விறகை மண்ணால் மூடி எரிக்கிற கரிமூட்டங்களிலிருந்து நேராக மேலே போன புகை. ஜன்னலோரம் நான். நீ என் தோளுக்கு மேலே கையை நீட்டி நீட்டிக் காட்டினாய். "ஒங்க ஆளுக வானத்தப் பாத்து நிப்பாக. எங்க ஆளுக கடலப் பாத்து நிப்போம். ஜில்லா என்னமோ ஒண்ணுதான்" என்றாய்.

கிராமத்து வி.ஏ.ஓ. நல்ல மாதிரிதான் பேசினார். "ஒங்கப்பா இந்த ஊருதான்னு சொல்ல ரெண்டு பேரக் கூட்டிட்டு வாங்க சார். நானே இங்க வந்து ஆறு மாசந்தான் ஆவுது."

அப்பாவின் ஊரில் நின்றுகொண்டு, என்னைத் தெரிந்தவர் இரண்டு பேர் இல்லாமல் விழித்தேன். நீதான் முன்னால் வந்தாய். "நான் சொல்றேன் சார்." அவர் உன் ஊரைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "அது வேற தாலுகா பாய்."

வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கினோம். கண்மாயில் நூறு நாள் வேலை பார்த்த பெண்களிடம் விசாரித்தோம். நான் சோர்ந்துபோய்ப் போகலாம் என்றேன். நீ கேட்கவில்லை. கடைசியில் கரிமூட்டத்துக்கு மண் அணைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என் முகத்தையே பார்த்தார். "பம்பாய்க்குப் போன முத்து மகனா நீ? ஒங்கப்பனும் நானும் ஒண்ணா ஆடு மேச்சவுகப்பா" என்றார். மைத்துனரையும் கூட்டிக்கொண்டு, மேலெல்லாம் கரியோடு வந்து கையெழுத்துப் போட்டார். நீ திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாய். எனக்குக்கூட அழுகை வரவில்லை.

நான்காம் நாள் சான்றிதழ் கையில் கிடைத்தது. ராமநாதபுரம் வந்து சேரும்போது மணி பன்னிரண்டு. ரயில் சாயங்காலம் ஐந்துக்கு. பஸ் நிலையத்தில் உன் ஊர்ப் பெயர் எழுதிய பஸ் ஒன்று கிளம்ப நின்றது.

"ஒரு மணி நேரந்தான் மாப்ள. ஒரு நடை போய்ட்டு வந்துருவமா? காக்காவுக்கு இப்ப தாடியெல்லாம் நரைச்சிருக்கும்" என்றாய். அண்ணனை நீங்கள் காக்கா என்றுதான் சொல்வீர்கள். உன் வாயிலிருந்து அந்தச் சொல்லை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

எனக்குப் பையிலிருந்த காகிதத்தின் மேலேயே நினைப்பு. போகிற வழியில் பஸ் நின்றுவிட்டால், ரயில் போய்விட்டால் என்று பயம். "அடுத்த தடவ போவோம் மச்சான்" என்றேன். நீ "சரி" என்றாய். அந்தப் பஸ் போகும்வரை பார்த்துக்கொண்டே நின்றாய். நீ பார்த்ததை நானும் பார்த்தேன். பார்த்தும், டீ சொல்லப் போனேன். அப்புறம் ரயிலடியில் நாலு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

அடுத்த தடவை வரவேயில்லை. மகள் நர்ஸ் ஆகிவிட்டாள். கல்யாணமாகி வாஷியில் இருக்கிறாள். அவள் பிள்ளைகள் இந்திதான் பேசுகிறார்கள். போன மழைக்காலத்தில் நீ மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போனாய். மூன்றாம் நாள் இங்கேயே மண்ணுக்குள் வைத்தோம். உன் வீட்டில் இப்போது வேறு ஆட்கள். சாயங்காலம் டிவி சத்தம்தான் சுவரைத் தாண்டி வருகிறது.

நீ போன செய்தியை, ஊர்க்காரர்களிடம் நம்பர் வாங்கி, காக்காவுக்கு நான்தான் போனில் சொன்னேன். பிறகு மெல்லக் கேட்டார்.

"அன்னைக்கு ராமநாதபுரம் வரைக்கும் வந்தானாமே, தம்பி. எங்கூரு பஸ்ஸு கண்டக்டரு பாத்தேன்னு சொன்னாரு. வருவான்னு ரெண்டு நாளு வாசக்கதவச் சாத்தாம வச்சிருந்தேன். எம்மேல அவனுக்குக் கோவம் தீரலையோ?"

"வேலை இருந்துச்சு, அதான் வர முடியல" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

நீ வரக் கிளம்பினாய், நான்தான் தடுத்தேன் என்று அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அந்த நம்பர் என்னிடம் இருக்கிறது. எடுத்துப் பார்க்கிறேன், வைத்துவிடுகிறேன். அவர் இன்னமும் உன் கோபம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார், மச்சான்.