அப்பாவின் கல்லில் எந்தப் பெயர்

அன்பு மகள் சிட்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட வேண்டும், எனக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான். இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லை, முழங்கால் மட்டும் படியேறும்போது முரண்டு பிடிக்கிறது, மனசுதான் ஒரு இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறது. இரண்டு வரி எழுதுகிறேன், எழுந்துபோய் அடுப்பைப் பார்க்கிறேன், அடுப்பில் ஒன்றுமே இல்லை, திரும்பி வந்து உட்காருகிறேன். அப்பாவின் கல்லறைக் கல் முடிந்துவிட்டதா என்று பார்க்கப் பட்டறைக்குப் போயிருந்தேன். கல்லைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார்கள், அப்பாவின் பெயரும் தேதிகளும் வெட்டியாகிவிட்டது, அதற்குக் கீழே வெறும் கல். பட்டறைக்காரர் முகத்தில் இருந்த தூசியைத் துடைத்துக்கொண்டே, உங்க பொண்ணு போன் பண்ணி கடைசி வரிய நிறுத்தச் சொல்லிட்டாங்களேம்மா, உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டார். தெரியும் தெரியும் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா நீ.

அன்று சாயங்காலம்தான் உன் நீளமான செய்தி வந்தது. இயேசுவில் இளைப்பாறுகிறார் என்று வெட்டக் கூடாது, அந்தப் பெயரே கைமாறிக் கைமாறிக் கெட்டுப்போனது, எபிரேயத்தில் அவரை வீட்டில் எப்படிக் கூப்பிட்டார்களோ அதுதான் பெயர், யேஷுவா என்று எபிரேய எழுத்திலேயே வெட்ட வேண்டும் என்று எழுதியிருந்தாய். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. தப்பான பெயரில் பண்ணின ஜெபம் எங்கே போகும்மா என்றும் ஒரு வரி எழுதினாய் பார், அதைப் படித்ததில் இருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ சனிக்கிழமைதோறும் போகிற வேத வகுப்பில் சொல்லிக்கொடுத்ததாக இருக்கலாம், ஆனால் அந்தப் பெயரைச் சொல்லித்தான் உன் அப்பா தினமும் படுக்கப்போனார், அதைச் சொல்லித்தான் நான் அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன், அது எங்கேயும் போய்ச் சேரவில்லை என்றால் அவர் யாருமில்லாமல் போனார் என்றல்லவா ஆகிறது.

மனசு கேட்காமல் போதகரிடம் போனேன். அவர் எபிரேயமும் கிரேக்கமும் படித்தவர், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆதியிலிருந்து ஆரம்பித்துவிட்டார். கடவுளின் பெயர் எபிரேயத்தில் நான்கு எழுத்தாம், அதைப் பயபக்தியால் வாய்விட்டுச் சொல்லாமல் அந்த இடத்தில் ஆண்டவர் என்று வாசித்தார்களாம், கிரேக்கத்தில் எழுதினவர்களும் ஆண்டவர் என்றே எழுதிவிட்டார்களாம், ஆங்கிலத்தில் அதையே பெரிய எழுத்தில் போட்டார்களாம். மகனான இயேசுவின் பெயருக்கு வேறு கதை, கிரேக்கத்தில் ஷ என்ற ஒலியே இல்லை, அதனால் ஸ போட்டார்கள், ஆண்பிள்ளைப் பெயர் என்பதால் கடைசியில் ஸ் என்று ஒரு வால் ஒட்டினார்கள், ஆங்கிலத்துக்கு வந்தபோது முன்னால் ஜ வந்து உட்கார்ந்துகொண்டது. கேட்கக் கேட்க, நீ சொன்னதுதான் சரியோ என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். இயேசுவோட காலத்தை ஒட்டி வந்தவங்களே கிரேக்கத்துல மாத்தித்தாம்மா எழுதினாங்க, அவங்களுக்கு இல்லாத பயம் நமக்கு எதுக்கு என்றார். வாசல் வரை நிம்மதியாக வந்தேன், தெருமுனையில் அது போய்விட்டது.

ஏனென்றால் போன வாரம் கிளினிக்கில் ஒன்று நடந்தது. நாளெல்லாம் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து பெயர் கூப்பிடுவதுதானே என் பிழைப்பு, வேற்று ஊர்ப் பெயர்களை நான் கொலை செய்தாலும் சிரித்துக்கொண்டே எழுந்து வருவார்கள். அன்றைக்கு ஒருவர் வரவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மூலையிலேயே உட்கார்ந்திருந்தார், நான் கூப்பிட்டது அவரைத்தான் என்று அவருக்குத் தெரியவே இல்லை, பல் டாக்டர் கிளம்பிப் போன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அவர் முகம் கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது, தப்பாகக் கூப்பிட்டால் கடவுளுக்கும் இப்படித்தான் தெரியாமல் போகுமோ என்று. உன் அத்தையிடம் சொன்னால் அவளுக்கு எல்லாம் விளையாட்டு, கல்லுல என்ன எழுதினா என்ன அண்ணி, அண்ணனுக்குக் கண்ணாடி கூட வெக்காமத்தானே பொதைச்சோம் என்கிறாள். சிரித்துவிட்டுப் பிறகு அழுதேன்.

நேற்று அப்பா சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. பக்கவாதம் வந்த பிறகு அவர் எந்தப் பெயரையும் சொல்லவே இல்லை சிட்டு. எபிரேயப் பெயரும் இல்லை, தமிழ்ப் பெயரும் இல்லை. ஓ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தண்ணீருக்கும் ஓ, தலையணை நழுவினால் ஓ, என்னைக் கூப்பிட ஓ, கண்ணை மூடி நல்ல கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஜெபிக்கும்போதும் அதே ஓ. கடைசி ஞாயிற்றுக்கிழமை போனை அவர் காதில் வைத்தேனே, உன்னிடமும் அதைத்தான் சொன்னார். உன் பெயரில் ஒரு எழுத்துகூட அதில் கிடையாது. யாரைக் கூப்பிடுறீங்கப்பா என்று நீ கேட்கவில்லை, சரியாகச் சொல்லுங்கள் என்று சொல்லவில்லை, இங்கதான்பா இருக்கேன், சொல்லுங்க என்றாய். அவர் முகம் அப்படியே தெளிந்துவிட்டது, பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அந்த ஓவுக்கு நீயே பதில் சொன்னாயே அம்மா, இயேசு வராமலா இருந்திருப்பார்.

இனி இதைப் பற்றி நான் யாரிடமும் கேட்கப்போவதில்லை. அப்பா வாய் நன்றாக இருந்த காலத்தில் சொன்ன பெயரையே வெட்டச் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. அதற்குக் கீழே ஒரு வரிக்கு இடம் விடச் சொல்லியிருக்கிறேன், அது உனக்கு. எழுதிக் குடுத்தா எந்த மொழியும் வெட்டுவேன்மா, எனக்கு எல்லாம் கோடும் குழியும்தான் என்றார் பட்டறைக்காரர். ஆனால் போனில் சொல்லி அனுப்பக் கூடாது, நீ நேரில் வந்து உன் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும். நீ வரும்வரை கல்லை நடப்போவதில்லை.

மாப்பிள்ளையிடம் கோபமாகப் பேசாதே, குளிரில் காதை மூடிக்கொள். நீங்கள் இருவரும் குறையில்லாமல் இருக்க நான் தினமும் கேட்டுக்கொள்கிறேன், எனக்குத் தெரிந்த பெயரில்தான் கேட்கிறேன், கேட்கிறவருக்குப் புரியும். போனைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் ஓ என்று மட்டும் சொல், நீதான் என்று எனக்குத் தெரியும்.

உன்,
அம்மா