வெர்லீனின் தோளும் ஒரு கெளுத்தி மீனும்

செப்டம்பர் 3, புதன்

இன்சூரன்ஸ் கம்பெனியின் கடிதம் வந்தது. வெர்லீனின் தோள் அறுவைச் சிகிச்சைக்கு அனுமதி இல்லையாம். "இக்காயத்துக்கு வேறொரு தரப்பு பொறுப்பாக இருக்கக்கூடும்." எந்தத் தரப்பு? பூமியின் ஈர்ப்பு விசையா?

ஆகஸ்ட் பத்தாம் தேதி, தேன்சிட்டுகளுக்குச் சர்க்கரைத் தண்ணீர்ப் புட்டி மாட்ட என் மனைவி ஏணியில் ஏறினாள். ஏணி துரோகம் செய்தது. விழுந்தாள். வலது தோளில் தசைநார் கிழிந்தது. கென்டக்கி மாநிலத்துக் கோழிகளுக்குக்கூடத் தெரிந்த சங்கதி. கம்பெனிக்குத் தெரியவில்லை.

தலை வாரக் கை உயரவில்லை அவளுக்கு. நான்தான் வாரிவிடுகிறேன். "குதிரைக்கு வார்ற மாதிரி வாராத, ஆர்வில்" என்கிறாள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

டயர் தொழிற்சாலையை முப்பத்தோரு வருடம் முதுகில் சுமந்தேன். வசந்த காலத்தில் அதை மூடிவிட்டு, போய் வேறு படிப்பு படி என்றார்கள். ஐம்பத்தெட்டு வயதில் கம்யூனிட்டி காலேஜில் மெடிக்கல் கோடிங், பில்லிங். வகுப்பில் மீசை வைத்தவன் நான் ஒருவனே. பக்கத்து நாற்காலியில் என் அக்கா மகள் டெஸ்ஸா. என்னைத் தெரியாதவள்போல் உட்கார்ந்திருக்கிறாள். பாடப்புத்தகம் கல்லறைக் கல் கனம்.

டாக்டர் எழுதியதை இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எண்ணாக மாற்ற வேண்டும். அவ்வளவுதான் தொழில். ஆனால் என்னென்ன எண்கள்! வாத்து தாக்கினால் ஒரு எண். வான்கோழி தாக்கினால் வேறு எண். வாத்துக்கும் வான்கோழிக்கும் வித்தியாசம் பார்க்கத் தெரிந்த இந்தத் தேசத்துக்கு ஏணியிலிருந்து விழுந்த ஒருத்தியைத் தெரியவில்லை. வெட்கக்கேடு.

செப்டம்பர் 16, செவ்வாய்

முதல் வீட்டுப்பாடத்தில் பூஜ்யம்.

நோயாளி குளக்கரையில் விழுந்து காயம் என்று குறிப்பு. குளம் என்றால் வாத்து இல்லாமலா? வாத்து தாக்கியதாக எண் போட்டேன். வகுப்பெடுக்கும் திருமதி ப்ரூயிட் என் தாளைத் தூக்கிப் பிடித்தார்.

"மிஸ்டர் ஸ்டாம்பர், இந்த வாத்து எங்கிருந்து வந்துச்சு?"

"குளத்துலேருந்துங்க."

"குறிப்புல இல்லைன்னா நடக்கல. குறிப்புல இருந்தா நடந்துச்சு. நம்ம சொந்தச் சரக்குக்கு இங்க எடமில்ல."

இப்படி ஒரு அவமானம் எங்கள் வம்சத்துக்கு உள்நாட்டுப் போருக்குப் பிறகு நேர்ந்ததில்லை. டெஸ்ஸா டெஸ்க்கில் முகம் கவிழ்த்துச் சிரித்தாள்.

செப்டம்பர் 18, வியாழன்

கம்பெனிக்கு ஃபோன். நாற்பத்தேழு நிமிடம் பியானோ இசை. பிறகு லைன் கட்.

செப்டம்பர் 30, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன். அன்று தோளுக்குச் செய்த சிகிச்சைக்கான ஆஸ்பத்திரி பில்லில் வரிசையாக எண்கள். போன மாதம் எனக்கு அவை எறும்பு ஊர்ந்த தடம். இன்று வாசிக்கிறேன். கடைசி எண் Y99.0. புத்தகத்தைப் புரட்டினால்: சம்பளத்துக்குச் செய்த வேலையின்போது ஏற்பட்டது.

வேலையின்போதா? பள்ளிக்கூடச் சமையலறையில் அவளுக்கு வேலை. ஆகஸ்ட் பத்து ஞாயிற்றுக்கிழமை. அந்தச் சமையலறை பூட்டிக் கிடந்தது. வேலையிடக் காயம் என்றால் பள்ளிக்கூடத்தின் இன்சூரன்ஸ்தான் தரவேண்டும். பள்ளிக்கூடமோ, இங்கே எதுவும் நடக்கவில்லை என்கிறது. உண்மைதானே. நடுவில் தொங்குகிறது என் மனைவியின் கை.

இந்த எண்ணைப் போட்ட முட்டாள் எவன்? அவன் நாற்காலியோடு ஒஹாயோ நதியில் மிதக்கும் நாள் தொலைவில் இல்லை. வெர்லீனிடம் சொன்னேன். அவள் ஐஸ் பையைத் தோளில் நகர்த்திக்கொண்டு, "முழு ரெக்கார்டையும் வாங்கிப் பாரேன்" என்றாள்.

அக்டோபர் 8, புதன்

ரெக்கார்டு கேட்கும் தாளில் வெர்லீன் இடது கையால் கையெழுத்துப் போட்டுத் தந்தாள். பதினான்கு பக்கம் வந்தது. காருக்குள்ளேயே உட்கார்ந்து படித்தேன்.

மூன்றாம் பக்கம். நர்ஸ் எழுதியது: "கணவர் கூறுவது: நோயாளி பள்ளிச் சமையலறையில் இருபது வருடமாகக் கனமான பாத்திரங்கள் தூக்குகிறார். அப்படித் தூக்கியபோது தோளில் காயம்."

கணவர் கூறுவது.

எண் போட்டவன் முட்டாள் இல்லை. எழுதியிருந்ததைப் போட்டிருக்கிறான். திருமதி ப்ரூயிட் அவனுக்கு முழு மதிப்பெண் தருவார்.

அன்று அங்கே நான் என்னதான் சொன்னேன்? ஞாபகம் இருக்கிறது, ஏன் இல்லாமல். "இவ தூக்குற குண்டான்ல ஒரு யானையையே வேக வைக்கலாம்மா, அந்தக் குண்டான்தான் இன்னிக்கு இவ தோளை வாங்கிருச்சு." நர்ஸ் சிரித்தாள். நானும் சிரித்தேன். வெர்லீன் பல்லைக் கடித்துக்கொண்டு வலியில் உட்கார்ந்திருந்தாள்.

ஏணி என்று ஏன் சொல்லவில்லை? — நாளை எழுதுகிறேன்.

அக்டோபர் 9, வியாழன்

எழுதவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

வெர்லீனிடம் மூன்றாம் பக்கத்தைக் காட்டினேன்.

"ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"பக்கத்துலதானே உக்காந்திருந்தேன். என்னை ஒரு வார்த்தை பேச விட்டியா நீ?"

"அப்புறமாச்சும் சொல்லியிருக்கலாமே."

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன். ரெண்டு மாசமா அந்த ஏணியைத் திட்டிக்கிட்டிருக்க. பாவம் அது, வாயில்லாத ஜீவன்."

கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று தேடினேன். வீட்டில் ஆள் அதிகம் இல்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

ரெக்கார்டைத் திருத்தக் கேட்கும் படிவம் இருக்கிறதாம், திருமதி ப்ரூயிட் சொன்னார். "நடந்ததைச் சுருக்கமாக எழுதவும்" என்று ஆறே ஆறு கோடு. ஆறு கோட்டில் என் பெயருக்கே இடம் போதாது. நான்கு பக்கம் தனித்தாளில் எழுதினேன். அதில் சூறாவளி வந்தது. டெஸ்ஸா படித்துவிட்டு, "மாமா, இதுல வாத்து ஒண்ணுதான் கொறையுது" என்றாள். கிழித்துப் போட்டேன்.

வெர்லீன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கடைசியில் எழுதியது இது. என் வாழ்நாளில் நான் எழுதிய மிக மோசமான கதை:

"ஆகஸ்ட் 10, ஞாயிறு. எங்கள் வீட்டு முற்றம். மனைவி ஏணியின் நான்காவது படியில் இருந்தாள். ஏணியை நான் பிடித்திருந்தேன். பக்கத்து வீட்டு ஹோய்ட் வந்து, நான் பிடித்த மீன் எவ்வளவு பெரிது என்று கேட்டார். காட்ட இரண்டு கையையும் விரித்தேன். அவள் விழுந்தாள். ஆஸ்பத்திரியில் வேறு விதமாகச் சொன்னவன் நான்."

கையெழுத்திட்டோம். நான் வலது கையால், அவள் இடது கையால்.

அக்டோபர் 30, வியாழன்

டாக்டர் திருத்தம் சேர்த்துவிட்டார். புது எண் W11: ஏணியிலிருந்து விழுதல். ஏணியை விட்டவனுக்கு என்று எண் உண்டா என்று புத்தகம் முழுக்கத் தேடினேன். வாத்துக்கு வைத்தவர்கள் இதற்கு வைக்கவில்லை. இதையும் கண்டிக்கிறேன்.

நவம்பர் 13, வியாழன்

அனுமதி வந்தது. பத்தொன்பதாம் தேதி அறுவைச் சிகிச்சை. அதற்குள் இரண்டு மாதம் பாழ். கம்பெனியை மன்னிக்கவில்லை. பியானோவுக்காக.

டிசம்பர் 6, சனி

வெர்லீன் கையைக் கழுத்தில் மாட்டிய துணித்தொட்டிலில் வைத்துக்கொண்டு, கம்பளி போர்த்தி முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கிறிஸ்துமஸ் விளக்குச் சரம் மாட்ட டெஸ்ஸா ஏணியில். கீழே ஏணியைப் பிடித்தபடி நான்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஹோய்ட் வந்தான். நேற்று அணைக்கட்டுப் பக்கம் நான் ஒரு கெளுத்தி பிடித்ததாகக் கேள்விப்பட்டானாம்.

"எத்தாம் பெருசு, ஆர்வில்?"

வெர்லீன் என் கையையே பார்த்தாள்.

"பெருசுதான்" என்றேன்.